யாழுக்கு எர்த் போட்டவன்

என் மனைவியும் அவள் தம்பியும் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். குழு என்றால் மொத்தம் இரண்டு பேர். அவள் யாழ் வாசிப்பாள், அவன் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பான். இது என்ன ராகம் என்று கேட்பவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

யாழ் எங்கே கிடைத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். கிடைக்கவில்லை, செய்தோம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், பழைய பாட்டுகளில் வருகிற அந்த வில் போன்ற கருவியை ஒரு தாளில் வரைந்துகொண்டு, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஆசாரி ஒருவரிடம் போனாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், இது எத்தனை டன்னு தாங்கோணும்?”

“பதினாலு நரம்பு இழுக்கற இழுப்பத் தாங்கோணுங்க.”

“அப்ப பலா மரந்தானுங்க” என்றார். பட்டறையில் வேறு எதுவும் கேட்கவில்லை. செய்து முடித்த யாழைப் பத்து டன் ஏற்றினாலும் உடையாது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அடியில் ஒலிக்கும் குடத்துக்குத் தோல் போர்த்தியவர் ஒரு தவில் வேலைக்காரர். நரம்பு மேட்டூரில் மீன்பிடிக்க விற்கும் நைலான் நூல். வெவ்வேறு கனத்தில் பதினான்கு துண்டுகள்.

மச்சினனுக்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி தொழில். வருடத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு கல்லுக் கரட்டில் வண்டியோடு நிற்பான். அப்படி நின்ற ஏதோ ஊரில்தான் அந்தக் கிட்டாரையும் அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியையும் வாங்கினான். விரலைவிட அதிகமாக அவன் பயன்படுத்துவது பதினாலாம் நம்பர் ஸ்பேனரை. அதைக் கம்பிகளின் மேல் மெதுவாக இழுப்பான். பாறையைத் தொட்ட துரப்பணம் சற்று யோசிப்பது போல ஒரு சத்தம் வரும். அதற்குள் அவள் யாழின் ஒற்றைத் துளிகளை ஒவ்வொன்றாக விடுவாள். முதல் முறை கேட்டபோது எழுந்து போய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். நாலைந்து மாதத்தில் பழகிவிட்டது. பிறகு, அவர்கள் வாசிக்காத நாட்களில் வீடு எதையோ மறந்துவிட்டதுபோல் இருக்கத் தொடங்கியது. இதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. பாராட்டுக்கும் ஒரு முறை உண்டு. அதை அவசரப்பட்டு வழங்கக் கூடாது.

சேலத்தில் புதுவகை இசைக்கென்று சிலர் ஆண்டுக்கு ஒரு மாலை ஒதுக்கி நடத்துகிறார்கள். அதில் வாசிக்க இருவரையும் அழைத்தார்கள். அறுபத்திரண்டு வயதில் என் மனைவிக்கு முதல் மேடை. அழைப்பு வந்த அன்று அவள் அதை நாலு தடவை படித்தாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இனி நான் செய்த காரியம்.

முப்பத்துநாலு வருடம் மின்துறையில் பொறியாளராக இருந்தவன் நான். ஒரு மாலை மச்சினன் கையை உதறிக்கொண்டே, “கம்பியத் தொட்டா சுருக்குனு புடிக்குதுங்க மச்சான், எறும்பு கடிக்கற மாதிரி” என்றான். அது மின்கசிவு என்று புரிந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு மெயின் போர்டைப் பார்க்கப் போனேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. தரையில் இறங்கும் எர்த் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்திருந்தது. ஊரெல்லாம் எர்த் சரியில்லை என்று இணைப்பை நிறுத்தி வைத்தவன், சொந்த வீட்டில் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

என் மனைவி ஒரு வளைகாப்புக்காக வெண்ணந்தூரில் தன் அண்ணன் வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தாள். அந்த இரண்டு நாளில் வேலையை முடித்து ஆச்சரியப்படுத்துவது என்று தீர்மானித்தேன். ஏற்காடு மலை எங்கள் கொல்லை வரைக்கும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. மூன்றடிக்குக் கீழே கல். மச்சினனை போனில் கூப்பிட்டேன்.

“எர்த்துக் குழிக்கெல்லாம் ரிக்கு வாராதுங்க மச்சான், கடப்பாரைய எடுங்கோ” என்று சிரித்தான்.

இரண்டு ஆட்களை வைத்துத் தோண்டினேன். குழாயை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தடித்த கம்பியை மெயின் போர்டு வரை கொண்டுவந்தேன். கருவி வைத்து அளந்தேன். பாடப் புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு அளவு. குழி மூடியின் ஈரச் சிமெண்டில் தேதியைக் கூட எழுதினேன்.

அவள் ஊரிலிருந்து திரும்பிய அன்று மாலை அக்காவும் தம்பியும் வாசிக்க உட்கார்ந்தார்கள். மச்சினன் ஆம்பைப் போட்டான். சத்தமே இல்லை. கம்பியைத் தொட்டுப் பார்த்தான். “எறும்பு செத்துப்போச்சுங்க மச்சான்!” என்றான். நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

அவள் யாழின் முறுக்காணியைத் திருகினாள். கேட்டாள். மறுபடி திருகினாள். அன்று அரைமணி நேரம் சுருதி சேர்த்தும் வாசிக்காமல் எழுந்துவிட்டாள். மறுநாள் செல்போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துச் சேர்த்தாள். எல்லா நரம்பும் அந்தச் செயலி காட்டிய இடத்தில் நின்றன. ஆனாலும் வாசிப்பு சேரவில்லை. இரண்டு பேர் தனித்தனி அறையில் பேசிக்கொள்வது போல் இருந்தது. நான்காம் நாள் அவள் யாழுக்குத் துணியைப் போர்த்திவிட்டு என்னிடம் வந்தாள்.

“கை போயிருச்சுங்க. வயசாச்சில்ல. நாங்க வரலீன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. லெட்டர்ல நீங்கதான கெட்டிக்காரரு.”

நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் தாளை எடுத்தேன். பெறுநர், பொருள் எல்லாம் எழுதிவிட்டு, காரணம் என்ன என்று கேட்டேன். காரணமில்லாத விண்ணப்பம் என் மேசையில் ஒருநாளும் தங்கியதில்லை.

“என்னத்தச் சொல்றது” என்றாள். “முன்னெல்லாம் அவன் பொட்டியப் போட்டதும் அதுல ஒரு ‘ம்’னு வருமில்லீங்க? அதக் கேட்டுத்தான் மொதல் நரம்பச் சேத்துவேன். கதை சொல்றப்ப யாராச்சும் பக்கத்துல உக்காந்து உம் கொட்டுவாங்களே, அந்த மாதிரி. இப்ப அது வாரதில்ல. அதயும் தேடித் தேடிப் பாத்துட்டேன், காதும் போயிருச்சாட்டம் இருக்குது.”

பேனாவைக் கீழே வைத்தேன்.

எர்த் இல்லாத வீட்டில் ஆம்ப் உறுமும். அந்த உறுமல் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை திரும்பித் திரும்பி ஓடுகிற சத்தம். என் தொழில் வாழ்க்கை முழுக்க அதை நான் ஒரு கோளாறாக மட்டுமே அறிந்திருந்தேன். அவளுக்கு அது தம்புரா. நான் கரியும் உப்பும் போட்டு மண்ணுக்குள் இறக்கியது அதைத்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

“கை போகல. காதும் போகல. நான்தான் அதை நிறுத்தினேன்” என்று எர்த் குழியின் கதையைச் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. “ஏனுங்க, லைன்மேன் கம்பத்துல ஏறதுக்கு முன்னால என்னமோ வாங்கோணும்பீங்களே?”

“லைன் கிளியர்.”

மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று எழுத்தில் தருகிற அனுமதி அது. அது வாங்காமல் ஏறிய இரண்டு பேரை நான் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறேன்.

“எங்கிட்ட வாங்குனீங்களா?”

வாங்கவில்லை.

“எர்த்தப் புடுங்கிப்போடலாமுங்களா?” என்று விஷயத்தைக் கேட்டதும் போனில் மச்சினன் கேட்டான். “எறும்பு கடிச்சா கடிச்சிட்டுப் போகுது மச்சான். அக்கா வாசிக்கோணும்.”

“எறும்பு இல்ல மாப்ளே, யமன்” என்றேன். அதைத் தவிர வேறு வழி தேட வேண்டியிருந்தது. மேடையிலும் எர்த் சரியாகத்தான் இருக்கும். இருக்கிறதா என்று நானே போய்ச் சோதித்திருப்பேன்.

இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னால் பொய். காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. பழைய டியூப்லைட்டுகளில், விளக்கை மாட்டும் தகரப் பட்டைக்குள் கனமாக ஒரு சோக் இருக்கும். செம்புக் கம்பி சுற்றிய அந்தக் கட்டையைச் சுற்றி அதே ஐம்பது துடிப்பு காற்றில் பரவும். கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஷாக் இல்லை, உறுமல் மட்டும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சோக்கும் இல்லை. மின்சிக்கனம் என்று எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றியவனும் நான்தான்.

வெண்ணந்தூர் வீட்டு மாட்டுக்கொட்டாயில் ஒன்று இன்னும் எரிகிறது என்று மனைவிக்கு நினைவு வந்தது. புது எல்இடி ஒன்றை வாங்கிக்கொண்டு, வெண்ணந்தூர் போக ராசிபுரம் பஸ் ஏறினேன். மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க விளக்கை மாற்றினேன். கழற்றிய டியூப்லைட் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிய என்னைப் பார்த்த கண்டக்டர், “லக்கேஜ் போடோணுமுங்களா சார்?” என்றார். “இது வாத்தியம்” என்றேன்.

அன்று மாலை மரப்பலகையில் அதைப் பொருத்தி, மூன்று முள் பிளக் மாட்டி, முறையாக எர்த் கொடுத்து, கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். ‘ம்’ என்றது. என் மனைவி துணியை எடுத்துவிட்டு யாழைத் தோளில் சாய்த்தாள். முதல் நரம்பைத் திருகினாள். இரண்டாவது. மூன்றாவதற்கு அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் பாதியில் நிறுத்திய கடிதத்தை மச்சினன் எடுத்து மடித்து, ஆடிய ஸ்டூலின் காலுக்கு அடியில் வைத்தான்.

நிகழ்ச்சியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நடத்துபவர்களில் ஒருவர், “மேடை ஓரத்துல டியூப்லைட் எதுக்கு சார்?” என்று கேட்டார். வெளிச்சத்துக்கு என்றேன். இருவர் இசை என்று அறிவித்தார்கள். மூன்றாவது ஆளாக நான் பலகையைப் பிடித்துக்கொண்டு கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சோக்கைக் கிட்டாரிடம் நெருக்கினால் ‘ம்’ பெரிதாகும், விலக்கினால் சிறிதாகும். அதுதான் என் வேலை.

முப்பத்தாறு வருட இல்லறத்தில், அவள் பேசும்போது நான் செய்தித்தாளை இறக்காமல் இருந்த தருணங்கள் நிறைய. அன்று நாற்பது நிமிடம் வேறெதையும் பார்க்கவில்லை. ஸ்பேனர் மேலே போய் நின்ற ஒரு இடத்தில், கடைசி நரம்பை மீட்டுவதற்கு முன் அவள் என் பக்கம் திரும்பினாள். இடது கை விரலை லேசாக அசைத்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டே.

அனுமதி வந்துவிட்டது. பலகையை ஒரு அங்குலம் நகர்த்தினேன்.