கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்

மலேசியாவின் செனாயில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாகப் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை செல்வராணிக்கு. முகம் கொடுத்துப் பேச மாட்டாத மேலதிகாரிகளிடம்கூட நிமிர்ந்து பேசுவாள். ஆனால் துணி காயப்போடப் போகும்போது மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குணாளனின் கறுப்பு நாய், அவள் தலையைக் கண்டதுமே பாய்ந்து வேலியை உலுக்கும்.

"அக்கா, சும்மா குரைக்கும் லா, கடிக்காது," என்று குணாளன் சிரிப்பான். அவன் விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவான். பகலெல்லாம் நாய் தனியாகக் கிடக்கும்.

அன்று அவளுக்கு லீவு. மதியம் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். குரைப்புச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தாள். துருப்பிடித்த வேலியின் அடிப்பகுதி பிய்ந்து, நாயின் தோள்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தன.

ஈரப்போர்வையை அதன் மேல் வீசிவிட்டு ஓடினாள். சமையலறைக் கதவைச் சாத்தியதும் நகங்கள் கதவைப் பிறாண்டின. பிறகு அது வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய், கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டது.

மணி ஒன்று நாற்பத்தைந்து. இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளி வேன் வரும். மகள் லோஷினிக்கு ஒன்பது வயது. கேட்டை அவளே திறந்துகொண்டு வருவாள்.

வேன்காரர் மணியத்தை அழைத்தாள். எடுக்கவில்லை. குணாளனை அழைத்து, நாய் வெளியே வந்துவிட்டதைச் சொன்னாள்.

"அலமாக்! அக்கா, கிட்ட போகாதீங்க. நான் வேலையில இருக்கேன், எப்படி வர்றது?"

"உள்ள போகச் சொல்ல நீ என்னன்னு கத்துவே? அதை மட்டும் சொல்லு."

"மாசோக்னு கத்துவேன். ஆனா என்னைத் தவிர யாருக்கும் அடங்காதுக்கா!"

அவள் போனை வைத்தாள். பிளாஸ்டிக் துணிக்கூடையை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். நாய் பல்லைக் காட்டி உறுமியது. ஆனாலும் ஓரடி எடுத்து வைத்தாள்.

"மாசோக்!"

குரல் உடைந்தது. நாய் பாய்ந்து கூடையைக் கவ்வி இழுத்தது. அவள் விடவில்லை. வயிற்றிலிருந்து மறுபடி கத்தினாள். "மாசோக்! போ உள்ள!"

பிடி தளர்ந்தது. அது அவளையே பார்த்தது. பின்வாங்கியது. அவள் ஒவ்வோர் அடியாக நெருக்க, வீட்டுச் சுவரோரமாகவே பின்பக்கம் போய் வேலி ஓட்டைக்குள் நுழைந்துகொண்டது. அங்கிருந்த சிமெண்டுப் பூத்தொட்டிகள் இரண்டையும் உருட்டி ஓட்டையை அடைத்தாள். அப்போது வேனின் ஹாரன் கேட்டது.

"ஏம்மா இப்படி வேர்த்திருக்கு?" என்றாள் லோஷினி.

"வெயில்மா. கைகழுவிட்டு வா," என்றாள். சோறு போடக் கரண்டியை எடுத்தாள். சோறு மேசையெல்லாம் சிந்தியது.

மாலையில் குணாளன் வேலியோரம் வந்து தலைகுனிந்து நின்றான். செல்வராணி குரலை உயர்த்தவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இங்க சுவர் எழும்பணும், தம்பி. இல்லன்னா நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுருவேன்."

"சரிக்கா," என்றான். மறுநாளே லீவு போட்டுச் செங்கல் இறக்கினான்.

சுவர் தோள் உயரத்துக்கு எழுந்துவிட்டது. பயம் இன்னும் போகவில்லை. பின்கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறாள்.