நாகபூசணி கழுவிய கல்

“நாகபூசணி அந்த வீட்டுக் கல்லைப் பழுதாக்கிப் போட்டாளாம், உண்மையே?”

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றபோது குகனேஸ்வரி அன்ரி என்னிடம் இப்படித்தான் கேட்டார். நான் பள்ளிக்கூடம் முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஐந்து வருடம் வரலாறு படித்தவன், ஒரு பதிலும் சொல்லத் தெரியாமல் நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி இறங்கவில்லை. பிறகு நாகபூசணி மாமியின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்.

நாகபூசணி, பணக்காரர்கள் குடியிருக்கும் லிபெர்த்தா வீதியில் ஒரே வீட்டில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். முதலில் வீடு கூட்டுவதும் சமைப்பதும்தான். சினியோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. வேலைக்குப் போன முதல் நாளே சினியோரா, “உன் பெயர் என் வாயில் நுழையாது. நாடியா என்று கூப்பிடுகிறேன்” என்று முடிவு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுக்க அவர் நாடியாதான். வாசல் காவல்காரருக்கு நாடியா, மருந்துக்கடைப் பெண்ணுக்கு நாடியா. வீட்டுக்கு வந்தால் கணவர் ஞானசேகரம், “சினியோரா நாடியா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?” என்று பகிடி பண்ணுவார்.

அந்த வீட்டுக் குளியலறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே, ஒரு பளிங்குக் கல்லைச் சுவரில் பதித்திருந்தார்கள். மேல்பக்கம் நெட்டையான எழுத்துகள், கீழே ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கொடிகள். சினியோராவின் தகப்பன் எஞ்சினியர். அறுபதுகளில் ஆப்கானிஸ்தானில் வீதி போடப் போனவர், திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்தாராம். பலெர்மோத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தெறித்த தண்ணீர் காய்ந்து எழுத்துகளின் இடுக்கெல்லாம் படிந்து, கல் மஞ்சளாகிக் கிடந்தது.

“இது எனக்குப் பால் மாதிரி வெள்ளையாக வேண்டும், நாடியா.”

சனிக்கிழமைதோறும் நாகபூசணி சுண்ணாம்பு நீக்கும் அமிலத் தண்ணீரைத் தெளித்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தார். முதல் சில மாதங்கள் துணியில் நீலம் ஏறியது. அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. துணியைக் கொண்டுபோய்க் காட்டினார்.

“சினியோரா, நீலம் வருகிறது.”

“அழுக்கு. தேய்.”

தேய்த்தார். இரண்டாம் வருடம் துணியில் ஒன்றும் ஏறவில்லை. விருந்துக்கு வந்தவர்களைச் சினியோரா குளியலறை வரை கூட்டிப்போய், “பாருங்கள், என் நாடியாவின் கை!” என்று காட்டினார். நாகபூசணிக்கு அன்று பெருமையாக இருந்தது. இதையும் அவரே சொன்னார், மறைக்கவில்லை.

போன தை மாதம் சினியோரா இறந்துபோனார். மிலானில் இருந்த ஒரே மகள் மொனிகா வீட்டை விற்க வந்தாள். அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கிழவிக்கு ஆள் தேவைப்பட்டது. “மொனிகா உனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் தரட்டும், அடுத்த திங்களே வா” என்று அந்தக் கிழவி சொல்லியிருந்தார். மொனிகாவும், “தருகிறேன் நாடியா, வீட்டுச் சாமான்கள் ஒழுங்காகட்டும்” என்றாள். நாகபூசணிக்கு ஐம்பத்தாறு வயது. அந்தக் கடிதம் இல்லாமல் லிபெர்த்தாவில் எந்தக் கதவும் திறக்காது என்று அவருக்குத் தெரியும். எனவே சம்பளம் நின்ற பிறகும் போய், சாமான்களைத் துடைத்துப் பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தார்.

கல்லை ஏலத்தில் விட மொனிகா விரும்பினாள். அதிலுள்ள எழுத்தை வாசித்து அறிக்கை எழுத ஒரு பெண்ணைப் பிடித்தாள். பெயர் நிவேதிதா. கோயம்புத்தூர்க்காரி, இங்கே பாரசீக வரலாறு ஆராய்கிறவள். குசினியில் நாகபூசணி கணவரோடு போனில் கதைப்பதைக் கேட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அக்கா! நீங்க தமிழா?”

“ஓம் பிள்ளை. நீர் இந்தியாவே?”

“கோயம்புத்தூர்க்கா. உங்க தமிழ் கேக்க எவ்வளவு அழகா இருக்கு!”

“அழகு எண்டு சொல்லுறவை எல்லாரும் பத்து நிமிசத்திலை விளங்கேல்லை எண்டுதான் சொல்லுவினம். இரும், தேத்தண்ணி போடுறன்.”

தேநீரைக் குடித்துக்கொண்டே நிவேதிதா கல்லின் கதையைச் சொன்னாள்.

“கஜினி முகமது தெரியுமாக்கா? பதினேழு தடவை படையெடுத்தான்னு எங்க பாடப்புத்தகத்துல இருக்கும். காலேஜ்ல அரியர் வச்சு வச்சு எழுதுறவன கஜினின்னுதான் கூப்பிடுவோம்.”

“சோதினையிலை பெயில் விட்ட பெடியளுக்கு ராசாவின்ரை பேரோ? அவைக்கு வந்த வாழ்வைப் பாரன்!”

கஜினி என்பது ஊரின் பெயர், கஸ்னி என்றும் சொல்வார்கள் என்றாள் நிவேதிதா. அந்த அரசனின் தகப்பன் சபுக்தகின் ஒரு துருக்கியன். சிறு வயதில் பிடித்து விற்கப்பட்ட அடிமை. வாங்கிய தளபதியிடம் படைவீரனாக வளர்ந்து, அவர் மகளையே கட்டி, கடைசியில் கஸ்னியை ஆண்டான். அந்த வம்சத்தின் இரத்தம் துருக்கி; ஆனால் எழுத்தும் பாட்டும் அரச காரியமும் பாரசீகம். பின்னால் வந்த ஓர் அரசன், மூன்றாம் மசூத், அரண்மனை கட்டி, முற்றத்தைச் சுற்றிச் சுவரின் அடிப்பக்கத்தில் இப்படிப்பட்ட கற்களைப் பதித்தான். அரசர்களைப் புகழும் பாட்டு கல்லுக்குக் கல் தாவி முற்றத்தைச் சுற்றி ஓடும். இந்தக் கல்லில் இருப்பது ‘அரசன்’ என்ற சொல்லும் அடுத்த சொல்லில் பாதியும்தான்.

“அப்ப நான் இத்தனை வருசமாப் பல்லுப் பிரஷ்ஷாலை ராசாவை உரஞ்சியிருக்கிறன்” என்று நாகபூசணி சிரித்தார். “செதுக்கினவன்ரை பேர் எங்கை கிடக்கு?”

“அது எங்கயும் இல்லக்கா.”

பிறகு கோர் நாட்டிலிருந்து வந்த எதிரி கஸ்னியை ஏழு நாள் எரித்தான் என்று சொல்கிறார்கள். அரச குடும்பம் லாகூர்ப் பக்கம் ஒதுங்கி, ஒரு தலைமுறைக்குள் அங்கேயும் முடிந்துபோனது. கற்கள் மண்ணுக்குள் கிடந்து தப்பின.

“இதே மாதிரி சில கல்லுல எழுத்துக்குப் பின்னாடி பூசின நீலம் இன்னும் ஒட்டிட்டிருக்குக்கா. இதுல ஒரு பொட்டுகூட இல்ல. எங்க போச்சுன்னு தெரியல.”

நாகபூசணி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது ஒருத்தி கேட்கிறாள், அதுவும் தமிழில். எல்லாவற்றையும் சொன்னார். அமிலத் தண்ணீர், பிரஷ், துணியில் ஏறிய நீலம், அழுக்கு தேய் என்று சினியோரா சொன்னது, ஒன்றும் விடவில்லை. நிவேதிதாவின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக ஓடியது.

“உங்க முழுப்பேரு என்னக்கா? எழுதிக்கிறேன்.”

நாகபூசணி அடையாள அட்டையை எடுத்துவந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், “என்ரை பேர் அறிக்கையிலை வருதாம்” என்றார்.

“எந்தப் பேர்? நாடியாவோ?”

“பகிடியை விடுங்கோ. என்ரை பேர்.”

சனிக்கிழமை பஜனைக்குப் போன இடத்தில் குகனேஸ்வரியிடமும் சொல்லிவிட்டார்.

பத்து நாள் கழித்து மொனிகா கூப்பிட்டாள். குசினி மேசையில் அறிக்கை கிடந்தது. மொனிகா நின்றபடியே வாசித்தாள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கஸ்னி அரண்மனைக் கல். காபூலில் பெறப்பட்டது. மூல நீல வண்ணம் முழுவதும், முறையற்ற அமிலச் சுத்திகரிப்பால், வீட்டுப் பணிப்பெண்ணால் அகற்றப்பட்டது. அதற்குப் பக்கத்தில் அவருடைய முழுப்பெயர், ஓர் எழுத்துக்கூடத் தவறாமல். அந்த வீட்டில் தன் பெயரை ஒருவர் முழுதாக வாசித்து அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

“அம்மாவா வெள்ளையாக்கச் சொன்னார்? அப்படி நீதான் சொல்கிறாய்.”

“நீலம் வருகிறது என்று துணியைக் காட்டினேன், சினியோரா மொனிகா. அழுக்கு என்றார்.”

“இறந்தவர் மேல் பழி போடாதே, நாடியா. அம்மா உன்னை வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்.”

“கடிதம்...”

“இதற்குப் பிறகு என்னவென்று எழுதுவது? நீயே சொல்.”

இறங்கும் வழியில் இரண்டாம் மாடியில் மணி அடித்தார். உள்ளே செருப்புச் சத்தம் கதவு வரை வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. காரியம் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று அப்போது விளங்கியது.

அடுத்த வாரம் பல்லரோச் சந்தையில், கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால், நிவேதிதா அவரிடம் அகப்பட்டாள். மீன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“நான் ரெண்டு வரி எழுதினேன்க்கா. சினியோரா சொல்லித்தான் செஞ்சீங்கன்னு அடுத்த வரில இருந்துச்சு. மொனிகா அதை எடுக்கச் சொன்னாங்க.”

“எடுத்தீரோ?”

நிவேதிதா பையின் வாரை முறுக்கினாள். “எடுக்கலன்னா கல்லோட படத்தை என் ஆய்வுல போட விடமாட்டேன்னாங்க. மூணு வருஷ வேலைக்கா அது.”

“எனக்குப் பத்தொன்பது.”

நாகபூசணி விட்டுவிடவில்லை.

“செதுக்கினவன்ரை பேர் இல்லை எண்டீர். சுவரிலையிருந்து பேத்தவன்ரை பேரும் இல்லை. இஞ்சை கொண்டுவந்த மனிசனுக்குப் ‘பெறப்பட்டது’ எண்டு ஒரு சொல், அவ்வளவுதான். கழுவினவளுக்கு மட்டும் முழுப்பேர். உதுதானோ நீங்கள் படிக்கிற வரலாறு?”

நிவேதிதாவின் கண் கலங்கியது.

“அழாதையும். பாக்கிறவை நான் உம்மை ஏசிப்போட்டன் எண்டு நினைப்பினம். அந்தப் பேரும் எனக்கு வேண்டாம்.”

ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

இப்போது நாகபூசணி அதே சந்தைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி பானை கழுவுகிறார். கல் ஏலத்தில் போய்விட்டது. அதன் படத்தை என் போனில் தேடிக் காட்டினேன். கறுப்புத் துணிமேல், பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் கழுவியிருக்கிறன்” என்றார். சிரிக்கவில்லை.

அந்தக் கல் எங்கே போனாலும் அறிக்கையும் கூடவே போகும். அதை மாற்ற எங்களால் முடியாது. ஆனால் குகனேஸ்வரி அன்ரி, உங்களுக்கு அன்று என்னால் சொல்ல முடியாத பதிலை இப்போது எழுதிவிட்டேன். இதை வாசிக்கிற நீங்களும் பஸ்ஸில், கோயிலில், வேலை செய்யும் வீடுகளின் குசினிகளில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். இத்தாலியனிலும் சொல்லுங்கள். நீலம் வருகிறது என்று அவர் காட்டினார். தேய் என்று சொன்னது வீட்டுக்காரி. சொல்லும்போது நாடியா என்று மட்டும் சொல்லாதீர்கள்.