எண்பது மார்க்

ஆவி அக்காவுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைக்கவில்லை. பதினேழு வருடமாக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அறுவைக் கத்திகளையும் கத்தரிகளையும் பெட்டியில் அடுக்கி, கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்தில் ஏற்றி இறக்குகிறவள். அதனால்தான் அந்தப் பெயர். ஒன்பது வருடம் அவள் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் நான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மேற்பார்வையாளருக்கு இங்கிலீஷ் பேச வர வேண்டுமாம். உட்கார்ந்து பரீட்சை வைக்க அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. இங்கிலீஷ் பேசிக் காட்டினால் மார்க் போடுகிற ஒரு ஆப்பை செல்போனில் போட்டு, ஒரு மாதத்தில் எண்பது மார்க் காட்டுங்கள் என்று சுவரில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா சளைக்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றக் கூடாத அறை அது. கவசத்துக்குள்ளிருந்தே, ஆப் சொல்லிக்கொடுத்தபடி "ஜன்னலோர சீட் கிடைக்குமா?" என்று இங்கிலீஷில் கேட்பாள். எந்த விமானத்தில் ஏறப் போகிறாள் பாவி மகள்! பின்னால் இயந்திரம் புஸ்ஸென்று இரையும். மறுபடி சொல்லுங்கள் என்று போன் குழையும். மூன்று வாரமாகியும் அறுபதைத் தொடவில்லை.

அப்போதுதான் ஒரு பெட்டி சரியாகச் சூடேறாமலே ஆபரேஷன் அறைக்குப் போய்விட்டது. அனுப்பியவன் கிடங்கிலிருந்து மாற்றலாகி வந்து ஆறே மாதமானவன். ஆப்பில் அவனுக்குத் தொண்ணூற்றொன்று. இயந்திரம் பாதியில் நின்றிருந்ததை, சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் அக்கா. மேலே ஆபரேஷன் அறையில் இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அக்கா போனை எடுத்துக் கத்தினாள்.

"டாக்டர், ஸ்டாப்! பாக்ஸ் நோ ஓப்பன்! ஹீட் நோ கம்!"

டாக்டருக்கு நன்றாகவே புரிந்தது. பெட்டியைத் திறக்காமல் திருப்பி அனுப்பினார்.

மாதக் கடைசியில் அவனைத்தான் மேற்பார்வையாளராகப் போட்டார்கள். நான் நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

"அக்கா பேசினது டாக்டருக்குப் புரிஞ்சுதே சார், அது இங்கிலீஷ் இல்லையா?"

"ஆப்புல அறுபத்திரண்டுதாம்மா காட்டுது," என்றார் அதிகாரி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் புது மேற்பார்வையாளர் இயந்திரத்தின் முன் நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, எலும்பு ஆபரேஷன் பெட்டிய எத்தனை நிமிஷம் வைக்கணும்?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒரே வாரத்தில் அவர் சாயம் வெளுத்துவிடும். அக்காவோ நிமிடக் கணக்கைச் சொல்லி, கதவை எப்படி இறுக்குவது என்றும் காட்டிக்கொடுத்தாள். அவர் போனதும் வெடித்தேன்.

"உனக்கு ரோஷமே கிடையாதாக்கா?"

"ஏன் இல்லாம? உன்னைவிட அதிகமாவே இருக்கு. அதுக்காக, மேல படுத்திருக்கிறவங்க எதுக்குடி சாகணும்?"