பாயிண்ட் டு பாயிண்ட் தாத்தா

எங்கள் தாத்தா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யார் நடைவழியை மறித்து நின்றாலும், "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே மாதத்தில் இரண்டு தடவை கீழே விழுந்தார்.

ராஜபாளையத்து டாக்டரம்மா, காலும் ஞாபகமும் சேர்ந்தே தளர்கின்றன, இரண்டுக்கும் சேர்த்தே வேலை கொடுங்கள் என்றார். தினமும் எதையாவது வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். வாய் பேசும்போது கால் நிற்கக் கூடாது. எதையாவது சொல்லாமல் விட்டால் உடனே தன்னிடம் வந்து சொல்ல வேண்டும், சீக்கிரம் தெரிந்தால்தான் மேற்கொண்டு தளராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கூட நடக்கிற வேலை எட்டு வயசுக்காரி என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேவதானம் வரை அவர் பஸ் போன ஊர்களைச் சொல்லட்டும் என்று அம்மாதான் யோசனை சொன்னாள். அங்கேதான் வந்தது வினை. ரத வீதியில் "வன்னியம்பட்டி" என்று சத்தம் கொடுத்த தாத்தா அப்படியே நின்றுவிட்டார்.

"நடங்க தாத்தா."

"ஏட்டி, ஆள் இறங்க வேண்டாமா?"

ஒருத்தரும் இறங்கவில்லை. பின்னால் வந்த பால்காரர்தான் சைக்கிளோடு விழப் பார்த்தார். நான் விசிலடித்து "ரைட்" சொன்ன பிறகே தாத்தா நகர்ந்தார். ஊருக்கு ஊர் இதே கூத்து. வீடு திரும்புவதற்குள் என் கூட்டாளிகள் விளையாடியே முடித்திருப்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

நல்லவேளையாகச் சில மாதங்களில் நிலைமை மாறியது. ஒருநாள் வன்னியம்பட்டி வரவில்லை. கேட்டேன்.

"இது பாயிண்ட் டு பாயிண்ட்டுட்டி. நடுவுல நிக்காது."

அடுத்த வாரம் சேத்தூரும் விட்டுப்போனது. கால் எங்கும் நிற்காமல் விறுவிறுவென்று நடந்தார். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"எல்லா ஊரும் சொன்னாகளாட்டி?"

"ஒண்ணு விடாம!" என்று கத்திக்கொண்டே விளையாட ஓடினேன்.

அடுத்த தடவை ராஜபாளையம் போனபோது டாக்டரம்மாவும் அதையே கேட்டார். தாத்தா என் முகத்தையே பார்த்தார். நான் கூசாமல் அதே பதிலைச் சொன்னேன். "வெரி குட்" என்று அவர் தாத்தாவுக்குக் கை கொடுத்தார்.

திரும்பும்போது தாத்தா எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். பஸ் ஓரிடத்தில் நின்றது. அவர் வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து, "இது எந்த ஊருட்டி?" என்றார்.

எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து, "வன்னியம்பட்டி!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.