ஆலா முட்டையிட்ட இடம்

மேட்டூரிலிருந்து மேச்சேரி போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் அலைந்து பிடரி கருத்திருந்தது. நான் கேட்காமலே மடியிலிருந்த கேமராவில் தான் எடுத்த படங்களைக் காட்டினார்.

"இது ஓமலூருங்க, ஏரோப்ளேன் எறங்கறப்ப எடுத்தது. இது லடாக் போனப்ப."

ஒவ்வொன்றுக்கும் ஊர் சொன்னவர், ஒரு படத்துக்கு மட்டும் சொல்லவில்லை. வெறும் மண்ணில் கிடந்த மூன்று முட்டைகளுக்கு ஓர் ஆலாப் பறவை சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இது எங்கேங்க?"

அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அணையில தண்ணி வத்துனப்ப எடுத்ததுங்க. நல்லா வந்துருச்சேங்கற சந்தோசத்துல, எடத்தையும் எழுதி போட்டோ குரூப்புல அனுப்பிப்போட்டேன். ஞாயித்துக்கெழம நாப்பது பேரு கேமராவோட வந்துட்டாங்க. பயந்து பறந்த பறவ பொழுது சாயற வரைக்கும் கிட்ட வரல. வெயில்ல முட்டையெல்லாம் வெந்துபோச்சுங்க."

"நீங்க வேணும்னு செய்யலையே."

"அந்தப் பறவைக்கு அது தெரியுமாங்க?"

மேச்சேரியில் இறங்குவதற்குள் மற்றப் படங்களை என் போனுக்கு அனுப்பினார். அந்த ஒன்றை மட்டும் அவர் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. அனுப்பிய படங்கள் எப்போதோ அழிந்துவிட்டன. அந்தப் பறவை மட்டும் இன்னும் என் கண்ணுக்குள் சிறகை விரித்தபடி நிற்கிறது.