கேட்டுக்குள் போக வேண்டிய வண்டி

1. மூன்று ஓட்டைகள்

கறுப்பசாமி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவரவில்லை. எதிரே ரோட்டோரம் நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். அதை என் மேஜையில் விரித்தார். நடுவில் கரி அப்பியிருந்தது. கரிக்குள் மிளகு அளவில் மூன்று ஓட்டைகள். ஓட்டைகளின் ஓரம் கருகியிருந்தது.

“பாருங்க அண்ணாச்சி. உங்க டியூனிங்கு.”

“என்னது இது?”

“கம்பெனி கேட்டுல சைலன்ஸர் முனையில புடிச்ச துணி. மூணு தடவ எஞ்சின ரேஸ் பண்ணச் சொன்னாக. மூணு ஓட்டை. தடவைக்கு ஒண்ணு, கணக்கு சரியா இருக்கு.”

சிரிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. விருதுநகரில் டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்து எனக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. கறுப்பசாமி எம். புதுப்பட்டிக்காரர். அங்குள்ள ஒரு பட்டாசு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் கூலிக்கு வேலை பார்த்தவர். பிறகு செகண்ட்ஹேண்டில் ஒரு டீசல் பிக்கப் வாங்கி, அதே கம்பெனிக்கு அட்டை, குழாய், பேப்பர் லோடு அடித்து, திரும்பும்போது பட்டாசுப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி முருகேஸ்வரி அந்தக் கம்பெனியில்தான் இன்னும் வேலையில் இருந்தார்.

வேலிக்கு உள்ளே எந்தெந்த வண்டி வரலாம் என்று கம்பெனி ஒரு லிஸ்ட் வைத்திருந்தது. சைலன்ஸரில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும் இந்தத் துணிச் சோதனையில் மூன்று முறை தோற்ற வண்டி லிஸ்டில் இருந்து போய்விடும். போனால் போனதுதான்.

“இது ரெண்டாந் தடவ. மூணாந் தடவைக்கு முன்னால நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்” என்றார். சற்று நிறுத்தி, “எம் பொண்டாட்டி கேட்டு வரிசையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா அண்ணாச்சி. வண்டி ரிவர்ஸ்ல வெளிய வாரத” என்றார்.

2. கால் சுற்று

இளம் மெக்கானிக்குகள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் வேலையின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டீசல் பம்பில் ஒரு திருகு உண்டு. புல் லோடு ஸ்க்ரூ என்போம். முழுவதும் மிதித்தால் எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று எல்லை கட்டுவது அதுதான். பம்ப் செய்யும் கம்பெனியில் இருந்து வரும்போது ஈய சீல் வைத்து வரும். சீலை உடைத்து, திருகைக் கால் சுற்று கொடுத்தால் டீசல் கூடும். டீசல் கூடினால், ஓர் எல்லை வரை, புல்லிங், அதாவது வண்டியின் இழுவை, கூடும். அந்த எல்லைக்கு மேல் எரியாத டீசல் கரியாக வெளியே வரும்.

அந்த எல்லையை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துவதில் எனக்குப் பெயர் இருந்தது. “புல்லிங் வேணும்னா விருதுநகர் பம்ப் ரூமுக்குப் போ” என்று சிவகாசி ஸ்டாண்டில் சொல்வார்கள். மிளகாய் மூட்டை ஏற்றும் வண்டிகள், பருப்பு மண்டி வண்டிகள், எண்ணெய் டின் ஏற்றும் வண்டிகள் எல்லாம் என்னிடம் வந்தன. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கறுப்பசாமி முதலில் வந்தது பத்து நாள் முன்பு. கம்பெனிக்குப் போகும் வழியில் கண்மாய்க் கரை ஒன்றில் ஏறி இறங்க வேண்டும். ஏற்றம் சின்னதுதான், ஆனால் செங்குத்து. லோடு ஏற்றித் திரும்பும்போது வண்டி பாதியில் திணறுகிறது என்றார். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டினேன். நாலு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் விழுந்தது. விழுந்த அளவும் பம்ப் புத்தகத்தில் சொல்லியிருப்பதேதான். பம்பில் குறை இல்லை.

குறை இல்லை என்று தெரிந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் புல்லிங் கேட்கிறார், என்னிடம் புல்லிங் இருக்கிறது. கால் சுற்று கொடுத்தேன்.

அருப்புக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். கறுப்பசாமி மூன்றாவது கியரில் மிதித்துவிட்டு, “யப்பா! கயிறு கட்டி இழுத்த மாதிரில்ல போகுது!” என்றார். அன்றைக்கு நான் மதியச் சாப்பாடு நன்றாகச் சாப்பிட்டேன்.

3. பேச்சியம்மாள்

துணி வந்த மறுநாள் காலையில் கறுப்பசாமியின் வண்டியிலேயே எம். புதுப்பட்டிக்குப் போனேன். கேட்டுக்கு நூறு அடி முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவர் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு சாக்கை எடுத்தார். சாக்கில் இருந்து ஒரு தகரக் குழலை எடுத்தார். குனிந்து சைலன்ஸர் முனையில் மாட்டி போல்ட்டை முறுக்கினார்.

“என்னப்பா அது?”

“வலை அண்ணாச்சி. ஸ்பார்க் அரெஸ்டர். இது இல்லாம உள்ள விட மாட்டாக.”

“ரோட்டுல மாட்ட மாட்டியா?”

“மாட்டுனா வண்டி மூச்சு முட்டுதே. எல்லாரும் இங்கன வந்துதான் மாட்டுவோம். லோடு ஏத்திட்டு வெளிய போகையில கண்மாய்க் கரை தாண்டித்தான் கழத்துவோம். வாச்மேன் சைக்கிள்ல பின்னாலயே வந்து பாப்பாரு.”

தீப்பொறி வெளியே போகாமல் தடுக்க சைலன்ஸர் முனையில் மாட்டும் கம்பி வலை அது. இருபது வருஷம் பட்டாசு ஊர்களின் வண்டிகளுக்கு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வண்டிகூட வலையோடு என் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்டில் காலை வரிசை நின்றது. ஆண்கள் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். பெண்கள் கொண்டை ஊசியையும் கொலுசையும் கழற்றிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் பேச்சியம்மாள். பெண்களைச் சோதிப்பதோடு வண்டிகளைச் சோதிப்பதும் அவர் பொறுப்பு. அவர் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பும் கிழித்து அடுக்கிய வெள்ளைத் துணிகளும் இருந்தன.

கறுப்பசாமி என்னை அறிமுகம் செய்தார். பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் அந்த வண்டிய இழுக்க வைக்கிற மெக்கானிக்கா?”

“ஆமாம்மா.”

“வண்டி இழுக்கும். எங்கள எங்க இழுத்துட்டுப் போகும்னு யோசிச்சீகளா?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. அவர்தான் முருகேஸ்வரி என்று பிறகு தெரிந்தது.

“அந்தா தெரியுதுல்ல, மூணாவது ரூம்பு?” என்று பேச்சியம்மாள் கையை நீட்டினார். “இவுக பொண்டாட்டி அங்கனதான் உக்காந்து திரி செருகுறா. இந்த வண்டி நிக்கிற எடத்துல இருந்து எம்புட்டு தூரம்னு நீங்களே நடந்து பாருங்க. உள்ள விட மாட்டேன், வேலிக்கு வெளியவே நடந்து பாருங்க.”

நான் நடக்கவில்லை. பார்வைக்கே தெரிந்தது.

“எனக்கு நாலு நாள் டைம் கொடுங்கம்மா” என்றேன்.

“போர்மேன்ட்ட சொல்றேன். செவ்வாக்கிழம காலைல வாங்க. ஆனா அதுதான் மூணாவது. எங்கிட்ட அண்ணாச்சி, தம்பின்னு பேசி ஒண்ணும் நடக்காது.”

4. வலையோடு

திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, வலையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூன்று விஷயம் தெரிந்தது.

முதலாவது, அது பிக்கப்புக்கு உரிய வலையே அல்ல. டீசல் ஆட்டோவுக்கு மாட்டுவது. அதன் வழியாக இவ்வளவு பெரிய எஞ்சினின் புகை போக முடியாது. இரண்டாவது, உள்ளே கரி தார் போல அடைத்திருந்தது. கண்மாய்க் கரையில் வண்டி திணறியதற்குக் காரணம் பம்ப் அல்ல, இந்த அடைப்பு. நான் கொடுத்த கால் சுற்று டீசல் அந்த அடைப்பில் மேலும் கரியைக் கொண்டுபோய் அப்பியிருக்கிறது. கேட்டில் ரேஸ் செய்யும்போது அந்தக் கரி சூடேறிக் கனிந்து உதிர்ந்திருக்கிறது.

மூன்றாவது, வலையின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல்.

“இது எப்படி?”

கறுப்பசாமி ரோட்டைப் பார்த்தார். “நாந்தான் அண்ணாச்சி. ஸ்க்ரூடிரைவரால ஒரு குத்து. கொஞ்சம் மூச்சு விடட்டும்னு.”

“பன்னண்டு வருஷம் உள்ள வேல பாத்தவன் நீ.”

“உள்ள இருக்கையில பயம் இருந்துச்சு. வண்டி வாங்குனதுக்கு அப்புறம் புல்லிங்தான் இருந்துச்சு.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததும் அதே குத்துதான். அவர் வலையில் செய்தார், நான் பம்பில் செய்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தேன். புல் லோடு ஸ்க்ரூவை முதலில் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாலு நாசிலையும் கழற்றிச் சோதித்தேன். மூன்று நாசில் பனி போலத் தூவியது. ஒன்று தூவி முடித்த பிறகும் ஒரு சொட்டுச் சொட்டியது. சொட்டும் டீசல் சரியாக எரியாது, கரியாகும். அதை முதல் தடவையே பார்த்திருக்க வேண்டும். பம்பைக் கழற்றிய ஜோரில் நாசிலை விட்டிருந்தேன். புதிது போட்டேன். ஏர் பில்டரைத் தட்டியபோது சிவப்பு மண் கொட்டியது. அதையும் மாற்றினேன். டீசல் தூவும் டைமிங்கைப் புத்தகத்தில் உள்ளபடி வைத்தேன். பிக்கப்புக்கு உரிய அளவில் புது அரெஸ்டர் மதுரையில் இருந்து வந்தது.

அதன் பிறகு இருபது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன். வலையை மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மணல் மூட்டைகளை முழு லோடுக்கு ஏற்றி, அதே கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய், ஏறி இறங்கி, நிறுத்தி, நானே கம்பில் துணியைக் கட்டிப் பிடித்தேன். முதல் துணியில் கரிப்பொடி இருந்தது. டீசலை இன்னும் ஒரு மயிரிழை குறைத்தேன். அடுத்த துணியிலும் கொஞ்சம் இருந்தது. மறுபடி குறைத்தேன். ஞாயிறு முழுக்க அந்தக் கரையில் ஏறி இறங்கினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், “ஏன்யா, வண்டியக் குளிப்பாட்டுறீகளா, தொடைக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலை நாலு மணி வாக்கில் ஒரு துணி சாம்பல் நிறத்தில் மட்டும் வந்தது. விரலால் தேய்த்தேன். நறநறவென்று ஒன்றும் இல்லை. மேலும் ஆறு தடவை பிடித்தேன். ஆறும் அப்படியே.

“ஆனா ரெண்டாவது கியர்லதான் ஏறுது அண்ணாச்சி” என்றார் கறுப்பசாமி.

“திணறுதா?”

“இல்ல. நிதானமா ஏறிருது.”

“அப்ப ரெண்டாவதுலயே ஏறட்டும்.”

வாடிக்கையாளர் கேட்ட புல்லிங்கை நான் கொடுக்க மறுத்த முதல் வண்டி அது. என் கையில் வந்த வண்டிகளில் மிகச் சரியாக அமைந்த எஞ்சினும் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

5. செவ்வாய்க்கிழமை

கேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் இரண்டு பிக்கப் நின்றன. பின்னால் நின்ற டிரைவர்கள் இறங்கி வந்து, கண்மாய்க் கரையிலேயே வலையை மாட்டிக்கொண்டு வந்திருந்த கறுப்பசாமியை வேடிக்கையாகப் பார்த்தார்கள்.

“என்ன மாப்ள, வண்டிக்கு வாய்ப்பூட்டு போட்டே கூட்டியாந்துட்ட?”

 பெண்கள் வரிசையில் முருகேஸ்வரி கொண்டை ஊசியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நகராமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் தள்ளியும் நகரவில்லை.

பேச்சியம்மாள் கம்பில் துணியைக் கட்டினார். கறுப்பசாமி சீட்டில் ஏறப் போனார்.

“நீங்க நில்லுங்க. அண்ணாச்சி ஏறட்டும்” என்றார் பேச்சியம்மாள். “டியூன் பண்ணுனவுக காலு பயப்படாம அமுக்குதான்னு பாப்போம்.”

ஏறினேன். முழுக்க மிதித்தேன். மூன்று தடவை என்பது விதி. அவர் ஐந்து தடவை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். கண்ணாடியில் அவர் துணியைக் கம்பில் இருந்து அவிழ்ப்பது தெரிந்தது. விரித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தார். பிறகு இன்னொரு துணியை எடுத்து முதலில் இருந்து ஆரம்பித்தார்.

இரண்டாவது துணியையும் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதை முருகேஸ்வரியிடம் நீட்டினார்.

“நீ பாருடி. ஒங்க ரூம்புக்குப் பக்கத்துலதான் நிக்கப் போகுது.”

முருகேஸ்வரி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். புருஷனைப் பார்க்கவில்லை.

“உள்ள விடுங்கக்கா” என்றார்.

கொண்டை ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே நடந்தார். கறுப்பசாமி வண்டியை முதல் கியரில் அவர் பின்னாலேயே மெதுவாக விட்டார். மூன்றாவது அறைக்குச் சற்றுத் தள்ளி வண்டி நின்று, எஞ்சின் ஆஃப் ஆகும் வரை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

திரும்பியபோது, பின்னால் நின்ற இரண்டு பிக்கப்பில் ஒன்றைக் காணவில்லை. சோதனைக்கு நிற்காமலே திரும்பிப் போயிருந்தது.

நான் சிவகாசிக்கு வந்து, பஸ் மாறி, விருதுநகர் வந்து சேரப் பதினொரு மணி ஆனது. அந்த பிக்கப் என் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிவந்தார்.

“கேட்டுல ஒங்களப் பாத்தேன் அண்ணாச்சி. எனக்கும் நல்லா இழுக்குற மாதிரி வச்சுக் குடுங்க.”

எஞ்சினைத் தொடவில்லை. பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை.

“எங்க போற வண்டி?” என்று கேட்டேன்.

இருபது வருஷத்தில் எந்த வண்டிக்காரரிடமும் நான் கேட்காத கேள்வி அது. அதற்குப் பிறகு கடையை மூடும் வரைக்கும் எந்த வண்டிக்காரரிடமும் கேட்காமல் விட்டதில்லை.