கேசட்டில் விழுந்த விசில்

தஞ்சாவூர் மைதானத்தில் நடுவர் விசில் ஊதியதும் எனக்குப் பழைய விசில் ஒன்று நினைவுக்கு வந்தது. கோப்பை கோப்பையாக ஜெயிக்கும் பெண்கள் கால்பந்து கிளப்பில் என் மகள் ஆடுகிறாள்.

நான் பள்ளியில் படித்த காலம் அது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். துபாயிலிருந்த அத்தாவுக்கு அம்மா கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். நான் பந்து ஆடுவது அவருக்குத் தெரியாது. ஒருமுறை அவள் பேசும்போதே எங்கள் கேப்டன் வாசலில் விசில் ஊதி, "பைனலுக்கு நேரமாச்சு, வாடி!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

துபாய்க்குக் கிளம்பிய ஊர்க்காரர் ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பிய பிறகுதான், அந்தச் சத்தமும் அதில் பதிவாகியிருக்கும் என்று அம்மாவுக்கு உறைத்தது. "உங்கத்தா ஆட்டத்தையே நிறுத்திப்புடுவாங்க" என்றாள். பதில் கேசட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதில் எல்லோரையும் நலம் விசாரித்த அத்தா, கடைசியில் கேட்டார்: "பைனல்ல யாரு ஜெயிச்சா? அதச் சொல்லாம விட்டுட்டீங்களே!"

இப்போது மைதானத்தில் என் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து அத்தா. "ஜெயிச்சாச்சா?"

ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.